"கோபி போகலையா?" என்று கேட்கும் மகன்

ஹூஸ்டனிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், கல்லூரி வேண்டாம், நேரே என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், "கோபி பிரையன்ட் போகலையா, லெப்ரான் போகலையா?" என்று கேட்டால் பதில் வரவில்லை என்கிறீர்கள். அவன் சொல்வது பொய்யில்லை. கோபி 1996-லும் லெப்ரான் 2003-லும் பள்ளி முடித்த கையோடு போனவர்கள்தான். ஆனால் அந்தக் கதவை 2005-லேயே சாத்திவிட்டார்கள். இப்போது டிராஃப்ட், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்காவில் படித்த பையன் என்றால் அவனுடைய வகுப்பு பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே வீட்டில் சண்டையே வேண்டாம். அந்த ஓராண்டு எங்கே என்பதுதான் பேச்சு.

உங்கள் ஊர்ப் பையன் ரஷார்ட் லூயிஸின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். 1998 டிராஃப்டில் அரங்கத்தில் உட்கார்ந்து தன் பெயருக்காகக் காத்திருந்தார். சொந்த ஊரான ஹூஸ்டன் அணிக்கு முதல் சுற்றில் 3 வாய்ப்பு. மூன்றிலும் வேறு ஆளை எடுத்தார்கள். பையன் அழுதுவிட்டார். 32-வதாக சியாட்டில் எடுத்தது. பிறகு நன்றாகவே ஆடினார், சரி. ஆனால் அதே இரவில் 40-வதாகப் போன கோர்லியோன் யங், அவரும் பள்ளியிலிருந்து வந்தவர், என்பிஏயில் ஆடியது மொத்தம் 3 ஆட்டம். முதல் சுற்றில் போனால்தான் சம்பளத்துக்கு உத்தரவாதம். இரண்டாம் சுற்றில் அது கிடையாது. பஞ்சாபின் சத்னம் சிங்கும் கல்லூரி போகாமல் 2015-ல் 52-வதாக டல்லாஸுக்குத் தேர்வானார். 7 அடி 2 அங்குலம்! ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

பணம்தான் அவசரம் என்றால், காலம் மாறிவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகவும் தரலாம். ஆனால் மகன் எச்-4 என்ற குடும்ப விசாவிலோ நாளை எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ இருந்தால், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தப் பணத்தை வேலைச் சம்பளமாகக் கருதினால் விசாவுக்கே ஆபத்து. இதை ஏஜென்ட் சொல்லித்தருவார் என்று நம்பி இருக்காதீர்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது மதிப்பெண்ணைப் பற்றித்தான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் உயர்மட்டமான டிவிஷன் 1-ல் ஆட 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அவற்றில் 2.3 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்). அதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அவன் இருப்பது பதினொன்றில். இந்த வாரமே பள்ளி கவுன்சிலரிடம் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) வாங்கி, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் கோடை வகுப்பில் சரிக்கட்டலாம். ஆனால் அதற்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.