இரண்டு மழை குடிக்கும் காடு

(மாஞ்சோலைப் பக்கத்து எஸ்டேட் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் வாத்தியாராக இருந்து, இப்போது அம்பாசமுத்திரத்தில் வசிப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆடி மாதம் எங்கள் ஊரில் காற்றுதான் அடிக்கிறது, சொட்டு மழை இல்லை. மேற்கே மட்டும் மலை தெரியாத அளவுக்கு மேகம். ஆற்றிலும் தண்ணீர் வருகிறது. அந்த மழை ஏன் மலையை விட்டு இறங்குவதில்லை?
வாசகி, வீரவநல்லூர்

அது அரபிக்கடல் மேகம், அம்மா. கேரளப் பக்கச் சரிவில் ஏறும்போதே குளிர்ந்து பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி வழிகிற மிச்சம், மலைமேல் எஸ்டேட் ஊர்களான நாலுமுக்கு, ஊத்து, கக்காச்சி பக்கம் விழுகிறது. அதற்கப்புறம் காற்று கீழே இறங்கும். இறங்க இறங்கச் சூடாகும், மேகம் கலைந்துவிடும். உங்கள் ஊருக்கு வந்து சேர்வது வெறும் காற்று.

ஆனால் இந்த ஒரு மழையை மட்டும் நம்பி மேலே இருக்கும் மழைக்காடு நிற்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் வங்கக்கடல் காற்று எதிர்ப்பக்கமிருந்து வந்து இதே மலையின் கிழக்குச் சரிவில் மோதும். கார்த்திகையில் எங்கள் லயன் வீடுகளில் (எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய வீடுகள்) துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். நடுவில் சித்திரை, வைகாசியில் கோடை இடிமழையும் உண்டு. ஆக, மேலே உண்மையான வறட்சி என்பது தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மலை அது. கீழே திருநெல்வேலி சமவெளியின் சராசரி 1,000 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், மேலே மண் முழுதாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. பசுமைமாறாக் காட்டை உயிரோடு வைத்திருப்பது இதுதான்.

பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி இருந்தது. காலை எட்டரை மணிக்கு அதை அளந்து எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். ஆடியில் ஒரு நாள் ஊத்திலிருந்து கீழே இறங்கி, கல்லிடைக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நனைந்த குடையை மடக்கி வைத்திருந்த என்னை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அங்கே தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

மணிமுத்தாற்றிலிருந்து பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். முதலில் உடைமரமும் முள்ளுமாக இருக்கும். அப்புறம் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். கொண்டை ஊசி வளைவுகள் பல தாண்டியதும் காற்றில் ஈர மண் வாசனை வரும், வெளிச்சம் குறையும். அங்கிருந்து நாங்கு, பாலி, வெடிப்பலா என்று உயரமான மரங்கள் தொடங்கும். அடிமரத்தைப் பலகை வேர்கள் தாங்கி நிற்கும். கிளை முழுக்கப் பாசி, காலடியில் அட்டை. அந்த இலைச்சருகும் வேரும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான் பங்குனியிலும் ஓடைகளில் தண்ணீர் வற்றுவதில்லை. தாமிரபரணி கோடையிலும் ஓடுவதற்கு முதல் காரணம் அந்தக் காடு.

முண்டந்துறையில் குரங்குகளைப் பார்த்தோம். சிங்கவால் குரங்கு மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?
கல்லூரி மாணவர், தென்காசி

தம்பி, நீங்கள் நின்ற இடத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. அது மரத்திலேயே வாழ்கிற குரங்கு. மேலே பசுமைமாறாக் காட்டில்தான் ஆண்டு முழுக்க அதற்கு ஏதாவது கிடைக்கும். அங்கேயும் தை, மாசியில் பழம் அருகிவிடும். அந்த நேரம் பார்த்து வெடிப்பலா பூக்கிறது. பூ இலை நடுவில் வராது, கிளையின் மேலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். இதழ் கிடையாது, சதைப்பற்றான குழல் மாதிரி இருக்கும். சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், வௌவால் எல்லாம் அதைத் தேடி வரும். பிறகு வரும் முள்ளுக்காயையும் சிங்கவால் குரங்கு பிய்த்து விதையைத் தின்னும். டுரியான் பழத்தின் உறவுக்கார மரம் இது.

இந்தக் குரங்குக்காகவே களக்காடு 1976-ல் சரணாலயமானது. 1962-லிருந்து புலிகள் சரணாலயமாக இருந்த முண்டந்துறையோடு 1988-ல் அதைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். புலியின் பெயரில் இருந்தாலும், எனக்கு அது வெடிப்பலாவின் காடு.

பொதிகை மலைக் காடு துணை வெப்பமண்டல மழைக்காடா?
வாசகர், கடையம்

இல்லை. பொதிகை ஏறத்தாழ எட்டரை டிகிரி வடக்கில், நடு வெப்பமண்டலத்தில் இருக்கிறது. துணை வெப்பமண்டல மழைக்காடு என்றால் ஆஸ்திரேலியாவின் கிழக்கே குவீன்ஸ்லாந்து எல்லைப் பக்கம் இருப்பதைச் சொல்லலாம். அங்கே குளிர்காலம் என்று தனியாக ஒன்று உண்டு. இங்கே குளிர் உயரத்தினால் வருவது. உச்சியை நெருங்க நெருங்க மரம் குட்டையாகி, காற்றில் வளைந்து நிற்கும்.

மழைக்காட்டு மரம் ஒன்றைப் பாளையங்கோட்டை வீட்டில் வளர்க்க ஆசை. கன்று எங்கே கிடைக்கும்?
வாசகி, பாளையங்கோட்டை

உங்கள் ஆசை எனக்கும் இருந்தது. எஸ்டேட் வாசலில் கிடந்த ஒரு வெடிப்பலா விதையை அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்து, ஈர மணலில் வைத்தேன். அந்த விதை காய்ந்தால் செத்துவிடும், காயாமல் பார்த்துக்கொண்டதால் முளைத்தது. வேப்பமர நிழலில் வைத்து இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். பங்குனியில் இலை ஓரம் கருகியது. சித்திரைக்குள் போய்விட்டது. தண்ணீர் குறையவில்லை அம்மா. காற்றில் ஈரம் இல்லை, தலைக்கு மேலே பெரிய மரங்களின் கூரை இல்லை. அந்தக் கன்று அவற்றின் கீழேயே பல வருஷம் காத்திருந்து வளர்வது. காப்பகத்துக்குள்ளிருந்து எதையும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடம் இருந்தால் மருதம் வையுங்கள். தாமிரபரணிக் கரையில் தலைமுறை தலைமுறையாக நிற்கிற மரம், நம் வெயிலைத் தாங்கும். ஆனி கடைசியில் நட்டால் ஐப்பசி மழை வரைக்கும் நீங்கள்தான் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். புரட்டாசி முடியட்டும், அப்புறம் நடுங்கள்.