இளவரசி மோனோனோகே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'இளவரசி மோனோனோகே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைக் கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் கணினியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எழுநூறு எம்பிக்குச் சுருக்கப்பட்ட பிரதி. அந்தக் காட்டிருளும் சாபம் ஏறிய பன்றியும் பல நாட்கள் என்னை விடவில்லை. சென்ற மாதம் 4கே எனப்படும் மிகத் துல்லியமான பிரதியில் மீண்டும் பார்த்தேன். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, அந்த அச்சம் மட்டும் வரவில்லை. போதாக்குறைக்குத் திரை முழுவதும் நுண்புள்ளிகள் நெளிந்துகொண்டே இருந்தன. தெளிவு கூடக்கூட இருண்ட மிகுபுனைவு தன் மாயத்தை இழந்துவிடுகிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவை பிழை அல்ல. 1997-ல் வெளிவந்த அந்தப் படத்தின் பெரும்பகுதி, செல் எனப்படும் ஒளி ஊடுருவும் தாள்களில் கையால் வண்ணம் தீட்டப்பட்டு, 35 எம்எம் படச்சுருளில் சட்டகம் சட்டகமாக எடுக்கப்பட்டது. நீங்கள் கண்டது அந்தச் சுருளின் கிரெயின், அதாவது அதன் ரசாயனப் பூச்சில் இயல்பாகவே இருக்கும் துகள்கள். மென்பொருளைக் கொண்டு அதைத் துடைத்துவிட முடியும்; ஆனால் கிரெயினுக்கும் வரைந்த கோட்டின் சொரசொரப்புக்கும் உள்ள வேறுபாட்டை மென்பொருள் அறியாது என்பதால், இரண்டையும் சேர்த்து மழித்துவிட்டு மெழுகுபொம்மைகளை நம்மிடம் தந்துவிடும். இப்படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 செல்கள் வரையப்பட்டதாகவும் அவற்றில் 80,000 வரை இயக்குநர் மியாசாகி தானே திருத்தியதாகவும் சொல்வார்கள். அந்தக் கையைத் துடைத்தெடுத்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அன்று படத்தின் ஒளிப்பதிவைக் கவனித்த அட்சுஷி ஒகுயியே 4கே மீட்டெடுப்பையும் மேற்பார்வையிட்டார் என்பது நல்வாய்ப்பு.

இனி அச்சம். இரண்டேகால் மணி நேரப் படத்தை எழுநூறு எம்பிக்குள் அடைக்கும்போது முதலில் பலியாவது இருண்ட பகுதிகள்தான். கண் அங்கே அதிகம் தேடாது என்ற கணக்கில் நுட்பங்கள் வீசப்பட்டு, நிழல்கள் சதுரக் கட்டிகளாக உறைந்துவிடுகின்றன. விடுதியில் உங்களை மிரட்டிய இருளில் ஒரு பங்கு அந்தச் சுருக்கத்தின் கைவரிசை என்றே நினைக்கிறேன். நானும் அப்படிப்பட்ட ஒரு பிரதியில்தான் முதலில் பார்த்தேன், அதைப் பழிக்க மனம் வரவில்லை.

ஆனால் தொடக்கக் காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தப் பன்றி இரவில் வரவில்லை, பட்டப்பகலில் வருகிறது. காட்டைவிட்டு வெளியேறி வெயில் படும் கணத்தில், உடலை மூடியிருக்கும் புழுக்கள் ஒதுங்கி, உள்ளே இருக்கும் விலங்கு ஒரு நொடி வெளித்தெரிந்து மறைகிறது. மங்கிய பிரதியில் எனக்கு அது கறுப்பாக உருண்டுவரும் ஏதோ ஒன்றாகவே இருந்தது. தெளிந்த பிரதியில்தான் அது ஒரு பன்றி என்பதும், அதற்கு வலிக்கிறது என்பதும் உறைத்தது. அதன் உடலிலிருந்து கிடைத்த இரும்புக் குண்டைக் கிராமத்து மூதாட்டி எடுத்துக் காட்டும்போது அந்த நொடி மீண்டும் நினைவுக்கு வந்தது. இந்தப் படத்தின் இருள் கண்ணுக்கு மறைந்திருப்பதில் இல்லை. இரும்பு உருக்கக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும் என்ற எளிய கணக்கில் இருக்கிறது. அதைக் காண வெளிச்சம்தான் தேவைப்படுகிறது. நீங்கள் இழந்த அச்சம் இருந்த இடத்தில் இரக்கம் வந்து அமர்ந்திருக்கக்கூடும்.

தெளிவினால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பின்னணிகள் தாளில் தூரிகையால் நுணுக்கமாகத் தீட்டப்பட்டவை, அசையும் உருவங்களோ செல்லில் தட்டையாக வண்ணம் பூசப்பட்டவை. 4கே-யில் இந்த ஒட்டு சில இடங்களில் கண்ணை உறுத்துகிறது. எனினும், காட்டுத் தெய்வமான ஷிஷிகாமி கால் ஊன்றும் இடத்தில் செடிகள் முளைத்து, அது காலை எடுப்பதற்குள் வாடிச் சாய்கின்றனவே, முன்பு பச்சைக் கறையாகத் தெரிந்த அந்த இடத்தில் இப்போது இலை இலையாகப் பிறப்பும் சாவும் தெரிகின்றன. அதற்காக நூறு ஒட்டுகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததா? நொடிக்கு 24 சட்டகங்களுக்காக வரையப்பட்ட அசைவின் நடுவே அது தானாகவே படங்களைச் செருகிவிடும். பன்றியின் பாய்ச்சலில் உள்ள கனமெல்லாம் அதில் போய்விடும். அதையும் அறை விளக்கையும் அணைத்துவிட்டு முதல் பத்து நிமிடங்களை மட்டும் இன்னொரு முறை பார்த்து எனக்கு எழுதுங்கள்.