உடும்புத் தோலுறைக்கு எண்ணெய் வேண்டாம்

கேள்வி: சூடான் நாட்டுக் குத்துவாள் ஒன்றை ஏலத்தில் வாங்கினேன். புஜத்தில் கட்டிக்கொள்ளும் வகை. உறையின் முகப்பில் உடும்புத் தோல். ஓரத்துத் தோல் காய்ந்து செந்தூளாக உதிர்கிறது. 1898 உம்துர்மான் போர்க்களத்தில் கிடைத்தது என்கிறார் விற்றவர். நம்பலாமா? உறைக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பதில்: எண்ணெய் கூடவே கூடாது. சூடானில் தோலைக் கருவேல நெற்றுச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். நம் ஊர்க் கருவேலமரமேதான். இப்படிப் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தக மாசை உறிஞ்சிப் புளித்து, நாரெல்லாம் நொறுங்கிச் செந்தூளாகும். எண்ணெய் அதை ஆற்றாது. தோல் கறுத்துப் பிசுபிசுக்கும், தூசி அப்பும், பூஞ்சை பிடிக்கும். பித்தளைப் பூண் இருந்தால் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு மெழுகுபோலப் பொங்கும். உதிரும் தோலை இறுக்க, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் ஹைட்ராக்ஸிபுரோப்பில் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துத் தடவுவார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

வாளை உறைக்குள் வைக்காதீர்கள். தோலின் அமிலமும் ஈரமும் இரும்பை அரிக்கும். உறைக்குள் அமிலமற்ற மென்தாளைத் தளர்வாகச் சுருட்டி வைத்தால் வடிவம் குலையாது. அலகுக்கு நுண்படிக மெழுகு (microcrystalline wax) மெல்லிய பூச்சாகப் போதும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்: மஹ்தி ஆட்சிக்கால (உம்துர்மான் போருக்கு முன் சூடானை ஆண்ட இஸ்லாமிய அரசு) ஆயுதங்கள் சிலவற்றில் அமிலத்தால் அரித்துப் பொறித்த அரபு எழுத்துகள் உண்டு. ஆழமில்லாத பொறிப்பு அது. நாலு தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது.

இனி, 1898. செப்டம்பர் 2 அன்று பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை உம்துர்மானில் மஹ்தி அரசின் தலைவரான கலீபா அப்துல்லாஹியின் படையை முறியடித்தது. வெற்றி பெற்ற சிப்பாய்கள் ஈட்டியும் வாளும் குத்துவாளுமாக அள்ளிப்போனது உண்மை. ஆனால் அதன்பின் 1956 வரை நீடித்த ஆங்கில-எகிப்திய ஆட்சியில் அதிகாரிகளுக்கும் பயணிகளுக்கும் விற்பதற்கென்றே இதே மாதிரிக் குத்துவாள்கள் செய்யப்பட்டன. எழுத்து ஆதாரம், அதாவது சிப்பாயின் கடிதமோ பழைய சேகரிப்புச் சீட்டோ இல்லாமல் போர்க்களக் கதைக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

காலத்தைக் கணிக்க நான் முதலில் பார்ப்பது உறையைத்தான். அலகு மாறியிருக்கலாம், பிடி மாறியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஒருவர் புஜத்தில் கிடந்த உறையைப் போலியாகச் செய்வது கடினம். கைவளையத்தின் உட்புறம் வியர்வை ஏறிக் கறுத்து வழவழப்பாக இருக்கிறதா? உடம்பை ஒட்டிய பக்கம் பளபளத்து, வெளிப்பக்கச் செதில்களின் மேடு மட்டும் தேய்ந்திருக்கிறதா? பின்புறத் தையல் தோல்வாரால் கையில் போட்டதா? அலகின் நுனி உறையின் நீளத்துக்குப் பொருந்துகிறதா? எல்லாம் ஒத்துவந்தால், போருக்குப் போகாவிட்டாலும் அது உண்மையாகவே ஒரு மனிதர் அணிந்த பொருள். எனக்கு அது போதும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்து, குழிகளில் ஷூ பாலிஷ் தேங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிடி பெரும்பாலும் கருங்காலி மரம். தந்தமாக இருந்தால் வாங்காதீர்கள். நைல் உடும்பும் முதலையும் சைட்ஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை. அது 1975-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பொருளானாலும் எல்லை தாண்டுவதற்கு உரிய சான்றிதழ் வேண்டும். நீங்கள் வாங்கியது வெளிநாட்டு ஏலமென்றால், பார்சல் கிளம்பும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.