ஜெர்ரிமாண்டர்: ஒரு சொல், ஒரு வரைபடம், ஒரு தில்லுமுல்லு

வாசகர் கேள்வி: நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 2025இல் டெக்சாஸ் மாநிலம் தொகுதி எல்லைகளை மாற்றியது பற்றிய கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. அதில் 'ஜெர்ரிமாண்டர்' என்ற சொல் பத்து இடத்தில் வருகிறது. 'தொகுதி மறுவரையறை' என்று போட்டால் சரியாகுமா? ஏதோ பல்லியின் பெயரிலிருந்து வந்த சொல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: 'தொகுதி மறுவரையறை' என்று போட்டுவிடாதீர்கள். மறுவரையறை என்பது வேலையின் பெயர். ஜெர்ரிமாண்டர் என்பது அந்த வேலையில் செய்யும் தில்லுமுல்லின் பெயர். மக்கள்தொகை கூடிக் குறையும்போது எல்லைகளை மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கோட்டைப் போடுவது மாநிலச் சட்டமன்றம். அங்கே யார் கையில் பெரும்பான்மை இருக்கிறதோ, பென்சிலும் அவர்கள் கையில்தான்.

சரி, பல்லிக் கதைக்கு வருவோம். 1812இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய கட்சி மாநில செனட் தொகுதிகளைத் தனக்குச் சாதகமாக வெட்டி ஒட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிப்ரவரி மாதம் அவர் அதில் கையெழுத்துப் போட்டார். எசெக்ஸ் வட்டாரத்தில் ஒரு தொகுதி ஊர் ஊராக வளைந்து கொக்கிபோல நீண்டது. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' என்ற பத்திரிகை அந்த வரைபடத்துக்கு இறக்கையும் நகமும் வாயும் வைத்து ஒரு பூதப் பிராணியாக அச்சிட்டது. பார்க்க அது சாலமாண்டர்போல இருந்தது. சாலமாண்டர் என்பது பார்வைக்குப் பல்லிபோல இருக்கும், ஆனால் தவளை இனத்துக்கு நெருக்கமான ஓர் உயிர். அந்தச் சொல்லின் வாலை ஆளுநர் பெயரோடு ஒட்டி 'கெர்ரிமாண்டர்' என்று தலைப்பு வைத்தார்கள். அவர் பெயரை 'கெர்ரி' என்றுதான் சொல்ல வேண்டும். சொல் மட்டும் நாளடைவில் 'ஜெர்ரி' ஆகிவிட்டது. ஆகவே ஆளைப் பற்றி எழுதும்போது கெர்ரி, சொல்லை எழுதும்போது ஜெர்ரிமாண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டுத் தேர்தலில் கெர்ரி ஆளுநர் பதவியை இழந்தார். ஆனால் செனட்டில் கோடு தன் வேலையைச் செய்தது. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் 51,766 வாக்குகள் வாங்கி 11 இடம் பெற்றார்கள். கெர்ரியின் கட்சி 50,164 வாக்குகளோடு 29 இடம் பெற்றது. அடுத்த ஆண்டே அவர் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார், 1814இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். இவ்வளவு வாழ்ந்த மனிதரின் பெயர் தான் வரையாத ஒரு கோட்டுக்காக நிலைத்துவிட்டது. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

எப்படி நடக்கிறது என்று புரியாமல் மொழிபெயர்த்தால் சொல் வழுக்கும். வீட்டில் 30 புளியங்கொட்டையும் 20 சோழியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்து. ஒவ்வொன்றிலும் 6 கொட்டை, 4 சோழி போட்டால் ஐந்திலும் கொட்டைதான் ஜெயிக்கும். சோழிப் பக்கம் நூற்றுக்கு நாற்பது பேர் இருந்தும் ஓர் இடம் கிடையாது. இப்போது அதே ஐம்பதையும் கொட்டிவிட்டு மாற்றிப் போடுங்கள். முதல் இரண்டு கிண்ணத்தில் தலா 9 கொட்டை, 1 சோழி. மிச்சம் 12 கொட்டையும் 18 சோழியும். அவற்றை மூன்று கிண்ணத்தில் நாலும் ஆறுமாகப் பிரியுங்கள். மூன்றில் சோழி ஜெயித்துவிட்டது! ஒரு வாக்கும் மாறவில்லை. முதலில் கொட்டைப் பக்கம் செய்தது எதிராளியைச் சிதறடிப்பது. பின்னால் சோழிப் பக்கம் செய்தது எதிராளியை இரண்டு இடத்தில் திணித்து அடைப்பது. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டு உத்திகளும் கட்டாயம் வரும். 'சிதறடித்தல்', 'திணித்தல்' என்றே எழுதலாம்.

திணித்தலுக்கு வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியாது. 1967 கணக்குப்படி நகராட்சி வாக்காளர்களில் கத்தோலிக்கர் 14,429, மற்றவர் 8,781. மன்றத்தில் 20 இடங்கள், மூன்று வார்டுகள். தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்கரை மற்றவர் 1,138 பேரோடு சேர்த்து அடைத்து 8 இடம் கொடுத்தார்கள். வடக்கில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர் 3,946, அதற்கும் 8 இடம். வாட்டர்சைடில் 1,852க்கு 3,697, அதற்கு 4. ஊரில் சிறுபான்மையாக இருந்தவர்கள் மன்றத்தில் பன்னிரண்டுக்கு எட்டு என்று ஆண்டார்கள். வீடு ஒதுக்குவதும் அந்த மன்றத்தின் கையில்தான் இருந்தது. கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தெற்கு வார்டுக்கு வெளியே வீடு கொடுத்தால் கணக்குக் கெட்டுவிடும் அல்லவா? அதனால் எத்தனையோ குடும்பங்கள் வீடில்லாமல் காத்துக் கிடந்தன. 1968 அக்டோபரில் அந்த ஊரில் மக்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, கோணலான படத்தைப் பார்த்ததும் ஜெர்ரிமாண்டர் என்று முடிவுகட்டக் கூடாது. ஆறும் மலையும் எல்லையை வளைக்கும். நேரான கோட்டிலும் மோசடி ஒளிந்திருக்கும்; டெர்ரி வார்டுகளில் பல்லி எதுவும் இல்லை. சில சமயம் படமே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ நகரம் சதுரமாக இருந்தது. 1957இல் அதை 28 பக்கம் கொண்ட உருவமாக மாற்றி, சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரையும் நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். 1960இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் கட்சி லாபத்துக்காக வரைவதைத் தடுக்கும் வேலை கூட்டாட்சி நீதிமன்றங்களுடையது அல்ல என்று 2019இல் அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒதுங்கிக்கொண்டது. டெக்சாஸ் துணிந்ததும், பதிலுக்குக் கலிஃபோர்னியா தன் படத்தை மாற்றியதும் அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் நடந்தவை. யார் செய்தாலும் இது வாக்காளரை ஏமாற்றுவதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர் வாசகர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகள் குறையுமா என்ற விவாதம் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பற்றியது. அது தனிக் கேள்வி. அதை ஜெர்ரிமாண்டர் என்று எழுதாதீர்கள். ஒரு தொகுதியில் ஆள் அதிகம், இன்னொன்றில் குறைவு என்று வைப்பதும் வேறு. ஆனால் ஆங்கில ஏடுகளே இதில் கலக்கும். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் முதல்வர் தாமஸ் பிளேஃபோர்ட் காலத்தில் கிராமப்புறத்துக்கு 26 இடம், தலைநகர் அடிலெய்டுக்கு 13 இடம் என்று இருந்ததை 'பிளேமாண்டர்' என்றார்கள். அது எல்லைக் கோணல் அல்ல, எண்ணிக்கைக் கோணல்.

தமிழில் எப்படி எழுதுவது? முதல் இடத்தில் 'ஜெர்ரிமாண்டர், அதாவது ஒரு கட்சிக்கு ஆதாயம் வரும்படி தொகுதி எல்லைகளைத் திரிப்பது' என்று விளக்கிவிட்டு, மற்ற ஒன்பது இடத்திலும் 'எல்லைத் திரிப்பு' என்று போடுங்கள். வினையாக வந்தால் 'எல்லைகளைத் திரித்தார்கள்'. சொல்லின் பிறப்பைச் சொல்லும் பத்தி இருந்தால் மட்டும் சாலமாண்டர் என்றே விடுங்கள். பல்லி என்று மாற்றினால் 'மாண்டர்' எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குப் பிடிபடாது.