இரண்டும் 2600+ தான். வேகம் மட்டும் ஏன் வேறு?

கேள்வி: புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி 2600+ பிராசஸர்கள் இரண்டு வாங்கினேன். ஒரே மதர்போர்டில் மாற்றி மாற்றிப் பொருத்தினால், ஒன்று 2133 மெகாஹெர்ட்ஸ் என்றும் மற்றது 1533 என்றும் காட்டுகிறது. இரண்டாவது போலியா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2600+ என்பது மெகாஹெர்ட்ஸ் கணக்கே அன்று. கடிகார வேகத்தையே முன்னிறுத்தி விற்கப்பட்ட பென்டியம் 4-க்கு எதிரே, குறைந்த மெகாஹெர்ட்ஸிலும் அதே வேலை நடக்கும் என்று காட்டுவதற்காக, 2001 அக்டோபரில் அத்லான் எக்ஸ்பியுடன் ஏஎம்டி கொண்டுவந்த செயல்திறன் மதிப்பெண் அது. தன்னுடைய பழைய அத்லானோடு ஒப்பிட்டே அதை வகுத்ததாக நிறுவனம் சொன்னது. வாங்கியவர்களோ அதைப் பென்டியம் 4-இன் மெகாஹெர்ட்ஸாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஒரே மதிப்பெண்ணில் மூன்று வகைகள் விற்பனைக்கு வந்தன. தரோபிரெட் என்ற கோர் (பிராசஸரின் உள் வடிவமைப்பு) கொண்டவற்றில் 266 பஸ்ஸுக்கானது (பஸ் என்பது பிராசஸரும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதை; எண் அதன் வேகம்) 2133 மெகாஹெர்ட்ஸிலும், 333 பஸ்ஸுக்கானது 2083-இலும் ஓடும். 2003-இல் வந்த பார்ட்டன் கோரில் இரண்டாம் நிலை கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 256 கிலோபைட்டிலிருந்து 512 ஆக உயர்ந்ததால், 1917 மெகாஹெர்ட்ஸுக்கே 2600+ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உங்களிடம் உள்ள இரண்டாவது பிராசஸர் பெரும்பாலும் பார்ட்டன்தான். அதன் பெருக்கெண் 11.5; மதர்போர்டு தரும் அடிப்படைக் கடிகாரத்தை அதனால் பெருக்கினால் வேகம் வரும். பஸ் எண் அந்தக் கடிகாரத்தின் இரு மடங்கு. கடிகாரம் 166 ஆக இருந்தால் 1917 வரும், 133 ஆக இருந்தால் நீங்கள் கண்ட 1533 வரும். அதாவது, மதர்போர்டு 266 பஸ்ஸிலேயே நிற்கிறது. பயாஸிலோ (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) ஜம்பரிலோ (மதர்போர்டிலுள்ள சிறு இணைப்பு முனை) 166-க்கு மாற்றிப் பாருங்கள். வியா கேடி266ஏ போன்ற, 266-க்காகவே செய்யப்பட்ட சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) என்றால் அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம். கேடி400 அல்லது என்ஃபோர்ஸ்2 போர்டு தேடுங்கள். உறுதி செய்துகொள்ள, பிராசஸரின் மேலுள்ள சிறிய பட்டையில் முதல் வரிக் குறியீட்டின் கடைசி இரண்டு இடங்களைப் படியுங்கள்: 3சி என்றால் 256 கிலோபைட் கேஷ், 266 பஸ்; 4டி என்றால் 512 கிலோபைட், 333 பஸ். நடுவிலுள்ள சிலிக்கான் துண்டும் பார்ட்டனில் சற்று நீளமாகவே தெரியும். அதற்கு மேல்மூடி கிடையாது என்பதால், ஹீட்சிங்க் கிளிப்பை அழுத்தும்போது கை சாய்ந்தால் மூலை உடைந்துவிடும். அடிக்கடி கழற்றி மாட்டுவது நல்லதன்று.

இரண்டில் எது மேல் என்றால், பார்ட்டனுக்குக் கொடுத்த மதிப்பெண் கொஞ்சம் தாராளமானது என்பேன். பார்ட்டன் 3000+ ஓடியது 2167-இல். தரோபிரெட் 2800+ ஓடியதோ 2250-இல். பாட்டு, படக் கோப்புகளைச் சுருக்குவது போல, கூடுதல் கேஷால் பெரிய லாபமில்லாத வேலைகளில் மெகாஹெர்ட்ஸ் அதிகமுள்ளதே முந்தும். விளையாட்டுகளில் பெரிய கேஷ் கைகொடுக்கும். 333 பஸ் கிடைக்காத போர்டில் பார்ட்டனைப் பூட்டுவதைவிட, உங்கள் 2133-ஐயே வைத்துக்கொள்வது மேல்.

கேள்வி: என்னிடமுள்ள 2100+ இரண்டும் 1733 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதே?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சுடுவது 180 நானோமீட்டர் பாலோமினோ கோராக இருக்கலாம், அது 1.75 வோல்ட் கேட்கும். மற்றது 130 நானோமீட்டர் தரோபிரெட் என்றால் 1.6 வோல்ட் போதும். வேகத்தில் வித்தியாசமில்லை. ஹீட்சிங்கில் தூசி இல்லையென்று பார்த்துவிட்டு, பயாஸ் காட்டும் வோல்டேஜைச் சரிபாருங்கள்.