கல்லாவில் எடுத்த பணத்துக்குத் தவ்பா (பாவமன்னிப்புத் தேடுதல்) செய்வது எப்படி?

கேள்வி: முன்பு வேலை பார்த்த கடையில் கல்லாவிலிருந்து சிறுகச் சிறுகப் பணம் எடுத்திருக்கிறேன். அந்த வெட்கத்தில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை)வுக்குக்கூடப் போகக் கூசுகிறது. எனக்கு மன்னிப்பு உண்டா?

பதில்: உண்டு. வரம்பு மீறியவர்களையே ‘என் அடியார்களே’ என்று அழைத்து, என் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறான் அல்லாஹ் (குர்ஆன் 39:53).

இன்றைய அடுத்த தொழுகை வேளையிலிருந்தே தொழத் தொடங்குங்கள். கடனை அடைத்துவிட்டுத் தொழலாம் என்று தள்ளிப்போட்டால், விட்ட தொழுகையும் பாவமாகச் சேரும். ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்து இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) நஃபில் (கூடுதல் தொழுகை) தொழுது, தமிழிலேயே மன்னிப்புக் கேளுங்கள். இந்தத் தொழுகை நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் (நபிமொழியில்) உள்ளது. சுப்ஹுக்குப் (அதிகாலைத் தொழுகை) பின் சூரியன் உயரும் வரையும், சூரியன் நடு உச்சியில் இருக்கும்போதும், அஸருக்குப் (மாலைத் தொழுகை) பின் மஃரிப் (சூரியன் மறைவு) வரையும் தவிர்த்து வேறு நேரத்தில் தொழுங்கள்.

பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகிய மூன்றும் தவ்பாவின் நிபந்தனைகள் என்பார் மார்க்க அறிஞர் இமாம் நவவி. மனிதரின் உரிமை கலந்திருந்தால் நான்காவதாக அதைத் திருப்பித் தரவும் வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். முதலாளி உயிரோடு இருக்க, அந்தப் பணத்தைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டால் கடன் தீராது. உம்ரா (மக்கா புனிதப் பயணம்) போய் வந்தாலும் தீராது.

தொகை நினைவில்லையா? குறையாத அளவுக்குக் கூட்டியே மதிப்பிடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். நேரில் சொன்னால் பெரிய பாதிப்பு வரும் என்றால், நம்பிக்கையானவர் மூலம் பெயர் சொல்லாமல் சேர்க்கலாம். முதலாளி இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுங்கள். எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்காவிட்டால் மட்டுமே அவர் பெயரில் ஸதகா (தர்மம்). கடன் தீரும் வரை பாக்கித் தொகையை உங்கள் வஸிய்யத்தில் (மரண சாசனத்தில்) எழுதி வையுங்கள். நீங்கள் இறந்தால், சொத்துப் பிரிக்கும் முன் கடனை அடைப்பது உங்கள் வாரிசுகளின் கடமை.

செய்ததை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே விடிந்ததும் பரப்புகிறவனை நபி (ஸல்) கண்டித்தார்கள் (புகாரி ஹதீஸ் தொகுப்பு). ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) சட்டம் கேட்கும்போதும் ‘ஒருவர் இப்படிச் செய்துவிட்டார்’ என்று கேட்டாலே போதும்.

இப்போதும் பணம் புழங்கும் வேலையா? தினமும் இன்னொருவர் கணக்கைச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது வேறு பொறுப்புக்கு மாறுங்கள். மீண்டும் சறுக்கினால் உடனே மறுபடி தவ்பா செய்யுங்கள். உண்மையாகச் செய்த முந்தைய தவ்பா அதனால் வீணாகாது.