வாசகர் கேள்வி: மேசைக்கடியில் ஒளியும் நாய்

கேள்வி: இரண்டு வாரங்களுக்கு முன் விலங்குக் காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். பழுப்பு நிறம், குட்டை முடி. என்ன இனம் என்று காப்பகத்தாருக்கே தெரியவில்லை. பகல் முழுவதும் மேசைக்கடியில் கிடக்கிறது. என் கணவர் அறையில் இருந்தால் உணவைத் தொடுவதில்லை. கலப்பினத்தின் குணத்தை நம்ப முடியாது, முற்றத்தில் கட்டிவிடு என்கிறார் மாமியார். தீபாவளியும் நெருங்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அன்புள்ள சகோதரி, தயவுசெய்து திருப்பிக் கொடுக்க வேண்டாம். காப்பகத்தின் இரைச்சலிலிருந்து வந்த நாய், புதிய வீட்டின் மணங்களையும் குரல்களையும் பழகிக்கொள்ளப் பல வாரங்கள் எடுத்துக்கொள்வது இயல்பு. முழுமையாகத் தேறுவதற்கு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். மேசைக்கடி அது தனக்கென்று கண்டுகொண்ட புகலிடம். அங்கிருந்து அதை இழுக்காமல், ஒரு பழைய போர்வையை விரித்து வையுங்கள். உங்கள் கணவர் அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, வேகவைத்த கோழித்துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். அது தானாக எழுந்து வரும் நாள்வரை கை நீட்ட வேண்டாம்.

உங்கள் மாமியாரின் அச்சம் புரிகிறது. ஆனால் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடியும் என்று கண்டது. உங்கள் நாயின் உடலில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்னாப்பிரிக்க மண்ணில் மனிதரோடு வாழ்ந்துவரும் ஆப்பிரிக்கானிஸ் நாயின் இரத்தமும் ஓடலாம். எப்படியிருப்பினும், பயந்த நாயை முற்றத்தில் கட்டினால் பயம்தான் வளரும்.

வெறிநாய்க்கடி நோய் உங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இன்றும் இருப்பதால், தடுப்பூசி போட்டதற்கான சான்றைக் காப்பகத்தாரிடம் கேட்டு வாங்குங்கள். அது சட்டப்படியும் கட்டாயம். வெயிலும் மழையும் கூடும் இந்தப் பருவத்தில் காதுமடல், கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றில் நாள்தோறும் உண்ணி தேடுங்கள். நாய் இன்னும் தொடவிடாவிட்டால், உண்ணி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. உண்ணி பரப்பும் பிலியரி நோய் சிவப்பணுக்களை அழித்துச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும். ஈறு வெளிறினாலோ, சிறுநீர் கறுத்துச் சிவந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்; இதில் ஓர் இரவுகூடக் காத்திருக்கலாகாது.

இனித் தீபாவளி. எனக்கு மிகுந்த கவலை தருவது அந்த இரவுதான், ஏனெனில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு மதில் தாண்டி ஓடும் நாய்கள் பல. நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவில் உங்கள் தொலைபேசி எண் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். தீபாவளியன்று இருட்டுமுன் நாயை வெளியே நடத்திக் கூட்டிவந்து, சன்னல்களை மூடித் திரையிட்ட அறையில், வானொலியை ஓடவிட்டு, வீட்டில் ஒருவர் அதனுடன் இருங்கள். அணைத்துத் தேற்றினால் பயம் கூடும் என்பார்கள். அது தவறு, நாய் உங்களை நாடி வந்தால் தாராளமாகத் தேற்றுங்கள். மருந்து தேவையென்று தோன்றினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். உடலை மட்டும் தளரவைத்து, பயத்தை அப்படியே விட்டுவிடும் மருந்தும் உண்டு என்பதால், பயத்தையே தணிக்கும் மருந்துதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். திராட்சையும் சாக்லேட்டும் கலந்த பலகாரத் தட்டுகள் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மறுநாள் காலையில் வெளியே விடுமுன், முற்றத்தில் கிடக்கும் வெடிமிச்சங்களைப் பெருக்கி அள்ளிவிடுங்கள்.